நீ வெட்டி எறிந்த ‘வாங்க’

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகைக் கட்டு போன செவ்வாய்க்கிழமை பார்சலில் வந்து சேர்ந்தது. மேலே ஒரு மாதிரியை ஒட்டி அனுப்பியிருந்தார்கள், அதை மட்டும் பார்த்தேன். கட்டை இன்னும் பிரிக்கவில்லை. அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் கயிறோடு அப்படியே கிடக்கிறது. ஆடி முடியப் பத்து நாள்தான் பாக்கி. ஆவணி பிறந்ததும் நானும் உன் அப்பாவும் தட்டில் குங்குமத்தோடு வீடு வீடாக ஏறிக் கூப்பிடுவோம் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். கூப்பிடுவோமா மாட்டோமா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்கு மட்டும் எழுதித் தபாலில் போட்டிருக்கலாம். ஆனால் நீ செய்த காரியத்தை ஊர் உலகம் பார்க்கச் செய்தாய். அதனால் நானும் நாலு பேர் படிக்கும்படியே எழுதுகிறேன். நான் கூட்டத்தில் வாய் திறக்காதவள். தாலுகா ஆபீஸில் பதினெட்டு வருடமாகத் தட்டச்சு செய்கிறேன், மீட்டிங்கில் ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தத் தைரியத்தில்தான் நீ இருந்தாய் என்று நினைக்கிறேன். பேச வராதவளுக்கு எழுத வரும் என்பதை மறந்துவிட்டாய்.

மற்றவர்கள் படிப்பதால் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு இருபத்து நாலு வயது. சென்னையில் இருந்துகொண்டு இணையத்தில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுக்கிறான். வேலைக்காகக் கற்றுக்கொள்ள வருகிற நம் ஊர்ப் பிள்ளைகள்தான் அவனுடைய மாணவர்கள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பாடம் போட்டான். பேச்சையும் மொழியையும் குறிக்க ஸ்பானிஷில் நாலு வார்த்தை இருக்கிறதாம், கேட்க ஒன்றுபோல இருந்தாலும் நாலும் வேறாம். அதை விளக்குகிற பாடம். அந்தப் பாடத்தில்தான் அவன் தன் அப்பாவைக் காட்டினான்.

இனி உன்னிடமே பேசுகிறேன். உன் பாடத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணவில்லை. ‘இடியோமா’ என்றால் ஒரு நாட்டின், ஒரு மக்களின் மொழி, வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தெரிந்த மொழிகள் என்று எழுதுகிறோமே, அது என்றாய். ‘லெங்குவா’ என்றால் வாயில் இருக்கும் நாக்கும் அதுதான், அந்த நாக்கில் ஊறிய மொழியும் அதுதான், தாய்மொழி என்று சொல்ல இந்த வார்த்தையைத்தான் போட வேண்டும் என்றாய். ‘லெங்குவாஹே’ என்பது ஒன்றை வெளிப்படுத்துகிற முறை, உடல்மொழி, கம்ப்யூட்டர் மொழி எல்லாம் அதில் சேரும் என்றாய். இதுவரைக்கும் நன்றாகத்தான் சொன்னாய். உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். நாலாவது ‘ஆப்லா’. வாயிலிருந்து நேராக வருகிற பேச்சு. அதற்கு உதாரணம் காட்டுகிறேன் என்று சொல்லிச் சிரித்தாய். உடனே நம் வாய்க்கால் கரை வந்தது. மதகு மேல் உன் அப்பா லுங்கியை மடித்துக் கட்டி, காதில் கை வைத்து நின்று கூப்பிடுகிறார். ‘ஓஓஓ... பனையடீஈஈ...’ அவ்வளவுதான். அங்கே வெட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து, மறுபடி முதலிலிருந்து, நாலு தடவை ஓடவிட்டாய். பின்னால் பாத்திரம் விழுகிற சத்தம். கீழே ஆங்கிலத்தில் எழுத்து: ‘இதற்கு அர்த்தம் கிடையாது. இது மொழி அல்ல, வெறும் சத்தம். எங்கள் ஊர் ஸ்பெஷல்.’ அடியில் சிரிக்கிற முகங்கள் வந்து குவிந்திருந்தன.

அர்த்தம் இல்லையா? போன தைக்கு வந்தபோது அந்தக் கரையில் நின்று அவருக்குத் தெரியாமல்தானே படம் பிடித்தாய். பக்கத்தில் போய் ‘என்னப்பா கூப்பிடுறீங்க’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். முதலில் வருகிற ‘ஓ’ ஒரே இழுப்பாக இருந்தால் மதகு முழுசாகத் திறந்திருக்கிறது. இரண்டாக உடைத்து இழுத்தால் தண்ணீர் குறைவு, பாதிதான் திறந்திருக்கிறேன், அவசரப்பட்டு மடையை வெட்டாதீர்கள். அடுத்து வருவது யாருடைய முறை என்பது. ஏழு வயலில் நிற்கிறவர்களுக்கும் அந்த ஒரு குரலில் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். போன் இருக்கிறதே என்பாய். சேற்றில் நிற்கிறவன் போனைச் சட்டையோடு கழற்றி வரப்பில் வைத்திருப்பான். நீ ஒரு வாக்கியத்தைப் பத்து நிமிடம் பிரித்துப் பிரித்து விளக்குகிறாய். உன் அப்பா மூன்று மூச்சில் ஏழு பேருக்குத் தண்ணீர்க் கணக்குச் சொல்கிறார்.

நீ கேட்காத இன்னொன்று. அவர் ஏன் ஆளின் பெயரைக் கூப்பிடாமல் வயலின் பெயரைக் கூப்பிடுகிறார்? உன் தாத்தா பண்ணையில் வேலை பார்த்தவர். பண்ணையார் வீட்டு ஆள் வரப்பில் நின்று ‘டேய்’ என்று போட்டு அவர் பெயரைக் கத்துவானாம். எங்கே இருந்தாலும், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கத்தியிருக்கிறான். கையில் ஒட்டியிருந்த சோற்றோடு உன் தாத்தா ஓடியதை உன் அப்பா பார்த்திருக்கிறார். அப்போது அவருக்கு ஆறு ஏழு வயது. பிறகு காலம் மாறி, நம் ஆட்களுக்கும் கையகல நிலம் வந்து, வாய்க்கால் விவசாயிகள் எல்லாரும் சேர்ந்து ‘மதகை நீ பாத்துக்க’ என்று அவரிடம் சாவியைக் கொடுத்த அன்றைக்கு அவர் ஒன்றே ஒன்று சொன்னாராம். “பேரு சொல்லி நான் கூவ மாட்டேன். வயலச் சொல்லுவேன், வாங்கன்னு சொல்லுவேன். மீசை முளைக்காதவன் வயலா இருந்தாலும் வாங்கதான்.” அன்றிலிருந்து இன்றுவரை அந்த வயல்வெளியில் யாரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பனையடி என்பது வாய்க்காலின் கடைசி வயல். அங்கே இருந்த பனை விழுந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அந்த வயல்காரருக்கு வேறு பெயர் உண்டு, ஊரில் பாதிப் பேருக்கு அது மறந்து, அவரே பனையடி ஆகிவிட்டார். ‘ஓஓஓ... பனையடீஈஈ... வாங்க!’ இதுதான் உன் அப்பாவின் கூப்பாடு. நீ அதில் ‘வாங்க’வை வெட்டி எறிந்தாய். அது இருந்தால் சிரிப்பு வராது, இல்லையா?

இந்தக் கதையை உன்னிடம் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டால் அது என் குற்றம். நான்தான் தடுத்தேன். ‘பழைய பண்ணைக் கதையெல்லாம் பிள்ளகிட்ட பேசாதீங்க, மனசுல தாழ்வா பதிஞ்சிரும்’ என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன். நம் இரண்டு குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி வருடப் பரீட்சைக்குப் படித்தவள். படித்ததில் எனக்கு வந்தது பாதி அறிவு, பாதி பயம். பேசினால் எந்தத் தெருக்காரி என்று தெரிந்துவிடும் என்கிற பயம். அந்தப் பயத்தில்தான் கல்லூரியில் மூன்று வருடமும் வாயைத் திறக்காமல் கழித்தேன். பிறகு அதே பயத்தை உனக்கு ஊட்டினேன். ‘வந்துச்சு’ என்று சொன்னால் பத்து முறை ‘வந்தது’ சொல்ல வைத்தேன். தெருப் பேச்சு வாயில் வந்தால் உதட்டில் அடித்தேன். நீ நாலாவது படிக்கும்போது கும்பகோணத்துப் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி உன் அப்பாவும் வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தி, “நீங்க இங்கயே நில்லுங்க. நீங்க பேசுனா வகுப்பே திரும்பிப் பாக்கும்” என்றேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றார். உள்ளே போய் நான் என்ன பேசிக் கிழித்தேன்? டீச்சர் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வெளியே வரும்போது நீ கேட்டாய், அப்பா ஏன் உள்ளே வரவில்லை என்று. நான் சொன்ன பதில் உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. “அப்பாவுக்குப் பேசத் தெரியாதுப்பா.” நீ அதை அப்படியே நம்பிவிட்டாய். அதனால் உன் வீடியோவில் பாதி நான் எடுத்தது. அதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று எண்ணாதே. நான் அவரை வாசலில் நிறுத்தியது பயத்தில். நீ அவரை மதகு மேல் நிறுத்தியது சிரிப்பு வாங்க.

அந்த வீடியோ நம் வீட்டுக்கு வந்த கதையைக் கேள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பனையடி தன் மருமகனின் போனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறார், பின்னாலேயே உன் அப்பா. இருவர் முகத்திலும் அப்படி ஒரு சிரிப்பு.

“ஆபீஸரம்மா, தம்பி எங்க ரெண்டு பேரையும் உலகம் பூரா கொண்டு போயிருச்சு பாருங்க” என்றார் பனையடி. “நான் தெரியல, என் பேரு கேக்குது. அது போதும்.”

“உம்ம பேரா அது? வயல் பேருய்யா” என்றார் உன் அப்பா.

“வயலு வேற நான் வேறயா? ரெண்டும் தண்ணி இல்லாம காஞ்சுதானே கெடக்கு.”

உன் அப்பா போனை வாங்கி என் கையில் கொடுத்தார். “கீழ வெள்ளையா எழுத்து ஓடுதே, அதுல என்ன போட்டுருக்கான்?”

நான் படித்தேன். இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இவர்தான் என் அப்பான்னு போட்டிருக்கு” என்றேன்.

பனையடி குனிந்து பார்த்தார். “அவ்வளவு நீளமாவா?”

“இங்கிலீஷ்ல அப்படித்தான் நீளும்” என்றேன்.

உன் அப்பா மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தார். “கடைசில வாங்க வரலையே” என்றார் ஒரு தடவை. “நேரம் பத்தலையா இருக்கும்” என்று அவரே சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து ஒரு வாரம் அந்த மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. உரக்கடையில் சொன்னார், திருவிடைமருதூர் பஸ்ஸில் சொன்னார், எங்கள் ஆபீஸுக்கு அடங்கல் நகல் வாங்க வந்த இடத்தில் என் மேஜைக்கு எதிரில் நின்றே யாரிடமோ சொன்னார். “ஸ்பெயின் பாஷைப் பாடத்துல எம் மவன் ‘இவர்தான் என் அப்பா’ன்னு போட்டுருக்கான்.” நான் தட்டச்சுப் பலகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார், “கல்யாணத்துல மண்டபத்து வாசல்ல நின்னு நானே கூப்பிடுறேன். மைக்கெல்லாம் எனக்கு வேணாம். ‘ஓஓஓ... சம்மந்தி வூட்டுக்காரங்க... வாங்க!’ன்னு ஒரு கூப்பாடு. எப்படி?” நல்லது செய்வதாக நினைத்துச் சொன்ன பொய் அவரைக் கொண்டுபோய் எந்த மேடையில் ஏற்றப் போகிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுநாளே உன் போன். “அம்மா, அப்பாகிட்ட பக்குவமா சொல்லும்மா. மண்டபத்துல அவரு சத்தமா பேச வேணாம். பொண்ணு வீட்ல எல்லாரும் மெதுவா பேசுறவங்க.” நான் கேட்டேன், “நீயே சொல்லேன் தம்பி.” நீ சொன்னாய், “அவருகிட்ட எப்படிப் பேசுறதுன்னே எனக்குத் தெரியலம்மா.” மொழி சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிற பிள்ளை நீ. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவனிடம் எப்படிக் காபி கேட்பது, எப்படி வழி கேட்பது, எப்படி மரியாதையாக மறுப்பது என்றெல்லாம் உனக்குத் தெரியும். பெற்றவரிடம் ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்கத் தெரியவில்லை.

போனை வைத்ததும் போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். மண்வெட்டியில் ஒட்டிய சேற்றை ஓட்டுச்சில்லால் சுரண்டிக்கொண்டிருந்தார். எழுத்தில் என்ன இருந்தது, நான் என்ன சொன்னேன், இரண்டையும் சொன்னேன். கை நிற்கவில்லை, சுரண்டிக்கொண்டே கேட்டார்.

“அப்பான்னு போடலையா?”

“இல்லைங்க.”

“எங்கயுமே?”

“எங்கயும் இல்லைங்க.”

“ஒரு வாரமா ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேனே. அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?” ஓட்டுச்சில்லைக் கீழே போட்டுவிட்டு, “சத்தம்னுதானே போட்டுருக்கான். சத்தம் இல்லாம எப்படிக் கூப்பிடுறது? அது கெடக்கட்டும்” என்றார். அப்புறம் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: “ஆனா வாங்கவ எதுக்கு வெட்டுனான்? வெறும் பேரக் கூவி நிறுத்துனா நான் பண்ணையாரு வீட்டு ஆளு மாதிரியில்ல நிக்கிறேன். பனையடி அதைப் பாத்துட்டுச் சிரிச்சிட்டு வேற போறாரு.”

இப்போது புரிகிறதா என் கோபம் எதற்கென்று? அவரைப் படிக்காதவர் என்று காட்டினாய், பட்டிக்காட்டான் என்று காட்டினாய், அதையெல்லாம் அவர் ஒரு துண்டை உதறுகிற மாதிரி உதறிவிட்டார். ஆனால் எந்த ஆளைப் போல வாழ்நாளில் ஒரு நாளும் ஆகிவிடக் கூடாது என்று இருந்தாரோ, அந்த ஆளின் வாயை எடுத்து அவருக்குப் பொருத்தினாய். கத்தரிக்கோல் வைத்த உனக்கு அது தெரியாது. தெரியாமல் செய்தேன் என்பது ஒரு பதில் ஆகாது. உன் அப்பாவின் குரலை எடுத்து விற்கிறவன் அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டுதான் விற்க வேண்டும்.

தெரியாமல் செய்தாய் என்பதையும் நான் முழுசாக நம்பவில்லை. உன் மற்ற பாடங்களையும் பார்த்தேன். பூப்படம் போட்ட ஒரு கணக்கிலிருந்து உன்னிடம் தமிழில் கேள்வி கேட்டு ஒரு அம்மா எழுதியிருந்தாளே, ‘சார், ஆப்லா என்றால் மட்டமான பேச்சா?’ என்று? நீ பதில் போட்டாய்: ‘இல்லவே இல்லை. ஒரு ஊர் மக்கள் எப்படிப் பேசுகிறார்களோ அதுதான் ஆப்லா. அது இல்லாமல் எந்த லெங்குவாவும் உயிரோடு இருக்காது. கிராசியாஸ், அமிகா!’ நன்றி, தோழி என்று நீ சொன்ன அந்த அமிகா நான்தான். உனக்குப் பாடம் தெரியும். தெரிந்தே தப்பாகச் சொல்லிக்கொடுத்தாய், நாலு பேர் சிரிப்பதற்காக. இன்னொரு பாடத்தில் ஸ்பானிஷ் எத்தனை வார்த்தைகளை அரபியிலிருந்து வாங்கியிருக்கிறது பாருங்கள், சர்க்கரைக்கும் எண்ணெய்க்கும் தலையணைக்கும் அவர்கள் சொல்வதெல்லாம் அங்கிருந்து வந்ததுதான், ஒவ்வொரு வார்த்தைக்குள்ளும் வரலாறு இருக்கிறது என்று கண் விரியச் சொன்னாய். அதே அரபி, பாரசீக வழியில் வந்த நிலவரிச் சொற்களை, உன் அப்பா ஜமாபந்தி என்றும் பசலி என்றும் சொல்லும்போது மட்டும் ‘அது தமிழே இல்லப்பா’ என்று மூஞ்சியைச் சுளித்தாய். அவர்கள் வாயில் இருந்தால் வரலாறு, உன் அப்பா வாயில் இருந்தால் அழுக்கு.

ஆபீஸில் எனக்கு ஒரு வேலை உண்டு. மனு எழுதத் தெரியாமல் வருகிறவர்கள் வாயால் சொல்வார்கள், நான் தட்டச்சு செய்து கொடுப்பேன். ஒரு தடவை பெரியவர் ஒருவர் தன் பட்டாவில் பெயர் மாறிப்போனதை அழுதுகொண்டே சொன்னார். நான் ‘மேற்படி புல எண்ணைப் பொறுத்தமட்டில்’ என்று ஆரம்பித்து அழகாக அடித்துப் படித்துக் காட்டினேன். அவர், “இது யாரு சொன்னதும்மா? நான் சொன்னது எங்க?” என்றார். அன்றிலிருந்து முதல் பத்தி அவர்கள் சொன்னபடியே அடிக்கிறேன். ஒரு நாள் மேலதிகாரி கேட்டார், யாரம்மா இப்படி அடித்தது என்று. நான் எப்போதும் போலத் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றேன். ஆனால் மாற்றவில்லை. அடுத்தவன் பேச்சைக் கையில் வாங்கினால் வெட்டாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நான் இத்தனை வருடத்தில் கற்றது அவ்வளவுதான், உனக்கு இலவசமாகச் சொல்கிறேன்.

இனி பத்திரிகைக்கு வருகிறேன். தலைப்பில் ஸ்பானிஷில் ஒரு வரி, மீதியெல்லாம் ஆங்கிலம். தமிழில் எங்கள் பெயர்கூட இல்லை. பத்திரிகையில் பேசுவது யார் தம்பி? எங்கள் மகன் கல்யாணத்துக்கு வந்து வாழ்த்துங்கள் என்று கூப்பிடுவது நாங்கள். எங்களுக்குத் தெரியாத மொழியை எங்கள் வாயில் வைத்து, எங்கள் பெயரில் நீ கூப்பிடுகிறாய். இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பனையடி வீட்டுக்கு நான் போனால் அவர் அதைத் தட்டில் வைத்துவிட்டு, கூப்பிடுகிற வார்த்தைக்காக உன் அப்பாவின் முகத்தைத்தான் பார்ப்பார். நம் ஊரில் காகிதத்துக்காக யாரும் வருவதில்லை. வாசலில் நின்று ‘குடும்பத்தோட வாங்க’ என்று வாயால் கேட்டால்தான் வேனில் ஏறுவார்கள். நீ வெட்டி எறிந்த அதே வார்த்தை. அது இல்லாமல் உன் மண்டபத்தில் நம் ஊர்ப் பக்கத்து நாற்காலிகள் எல்லாம் காலியாகக் கிடக்கும்.

உண்மை தெரிந்த பிறகு இரண்டு முறை தண்ணீர் வந்து போய்விட்டது. உன் அப்பா கூப்பிடவில்லை. ஷட்டரைத் தூக்கிவிட்டு, இறங்கி, வரப்பு வழியாக ஒவ்வொரு வயலாக நடந்து போய்ச் சொல்கிறார். பனையடிக்குப் போய்ச் சேர அரை மணி ஆகிறது. அதற்குள் நடுவில் இருக்கிறவர்கள் மடையை அகலமாக வெட்டிவிடுகிறார்கள், மிச்சம் வடிகாலில் போய்விழுகிறது. பனையடியின் குறுவை மஞ்சள் தட்டி நிற்கிறது. “ஏன்யா, தொண்டை கட்டிப்போச்சா?” என்று கேட்டிருக்கிறார் அவர். “ஆமாய்யா” என்றாராம் உன் அப்பா. அந்தக் குரலை நானும்தானே வெட்டினவள்.

ஆகையால் நீ செய்ய வேண்டியதைக் கேட்டுக்கொள். வீடியோவை எடுத்துவிட்டு, அதற்கு ஒரு மன்னிப்பு வீடியோ போட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்காதே. அதில் நீ தேர்ந்தவன், அதற்கும் ஸ்பானிஷில் ஒரு வார்த்தை வைத்திருப்பாய். மேடையில் அப்பா காலில் விழுந்து போட்டோ எடுத்துக்கொள்ளாதே. உன் மாமனார் வீட்டாருக்கு நீ என்ன விளக்கம் சொல்வாய் என்பதைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது, அவளை இதில் இழுக்காதே.

வருகிற வெள்ளிக்கிழமை காலையில் அடுத்த முறைத் தண்ணீர். வியாழக்கிழமை பஸ் ஏறு. காலை ஏழு மணிக்கு மதகு மேல் நீ நிற்க வேண்டும். உன் அப்பா ஷட்டரைத் தூக்குவார். நீ கூப்பிட வேண்டும். முழுசாகத் திறந்தால் ஒரு இழுப்பு, பாதி என்றால் இரண்டு, அவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள். வயலின் பெயர். அப்புறம் ‘வாங்க’. போனைச் சட்டையோடு கழற்றி வரப்பில் வைத்துவிடு, யாரும் படம் பிடிக்கப் போவதில்லை. நான் பனையடியோடு கடைசி வரப்பில் நிற்பேன். உன் குரல் அங்கே வந்து, பாதியிலும் நிற்காமல் ‘வாங்க’ வரைக்கும் வந்து, அதைக் கேட்டு அவர் மடைக்கு இறங்கினால், நான் வீட்டுக்குப் போய்க் கட்டைப் பிரிக்கிறேன். தமிழில் நாலு வரி எழுதி ஒவ்வொன்றிலும் நானே ஒட்டுகிறேன். அவர் இறங்கவில்லை என்றால் கட்டு அன்றைக்கே பார்சலில் திரும்பி வரும், நீயே உன் நாலு வார்த்தையில் எது பொருந்துமோ அதை வைத்து ஊரைக் கூப்பிட்டுக்கொள்.

மெதுவாகப் பேசிப் பேசி உன் தொண்டை எவ்வளவு தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. சந்தேகமாகத்தான் இருக்கிறது. ஆடி மாதம், காற்று மேற்கே இருந்து அடிக்கிறது. பனையடி மதகுக்குக் கிழக்கே.

உன் அம்மா